எமிலிக்கு யார் டீச்சர்?

நெட்ஃபிளிக்ஸில் 2017இல் வந்த 'எ கிறிஸ்மஸ் பிரின்ஸ்' படத்தைப் பார்த்தவர்கள், இல்லாத நாடு, முன்பே தெரிந்த முடிவு என்று குறை சொல்கிறார்கள். போகட்டும், பண்டிகைக் காதல் படம் வேறெப்படி இருக்கும்?

என் வருத்தம் வேறு. இளவரசரைப் பற்றிச் செய்தி எடுக்க அரண்மனைக்குள் நுழையும் நிருபர் ஆம்பரை, குட்டி இளவரசி எமிலிக்கு வரவேண்டிய டீச்சர் என்று நினைத்துவிடுகிறார்கள். அவளும் மறுக்கவில்லை. எமிலி முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு பிறந்த பிள்ளை, சரியான வாயாடி. அப்படிப்பட்ட மாணவிக்காக எந்த டீச்சரும் ராத்திரி உட்கார்ந்து பாடம் தயாரிப்பார். படத்துக்கோ பாடத்தில் அக்கறையே இல்லை. பொய்யைக் கண்டுபிடித்தும் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுவது அந்தக் குழந்தைதான்!

இளவரசர் யாரைக் கட்டினால் என்ன? எமிலிக்கு அப்புறம் யார் பாடம் எடுத்தார்கள், அதைச் சொல்லுங்கள்.