யாருடைய கைக்கு அளந்தது?

அருமனைப் பக்கம் கிறிஸ்துமஸ் மாதத்தில் பாட்டில்லாத தெருவே கிடையாது. பாடகர் குழுவின் முன்வரிசை முழுக்கப் பெண் பிள்ளைகள். கீபோர்டில்கூட இப்போது ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். பாஸ் கிட்டார் மட்டும் பையன்கள் தோளில்தான் தொங்கும். ஏன் என்று கேட்டால் யாரும் வேதத்தைக் காட்டுவதில்லை, கையைக் காட்டுகிறார்கள். “ஒனக்க கை சின்னதுல்லா மக்களே, எட்டாது.” எங்கள் ஊரில் விலக்கி வைப்பதும் அன்போடுதான் நடக்கும்.

இந்தச் ‘சின்னக் கை’யைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். குமரி மாவட்டத்து அண்டியாபீஸ்களில் முந்திரித் தோடு உடைத்துத் தொலி உரித்த கைகள் யாருடையவை? தோட்டெண்ணெய் பட்டு விரல் வெந்தபோது ‘பாவம், சின்னக் கை’ என்று எந்த முதலாளியும் இரங்கவில்லை. வேகமான கை, பதனமான கை என்று மெச்சிக்கொண்டே குறைந்த கூலிக்கு எடுத்துக்கொண்டார்கள். பருப்பு உரிக்கையில் நுணுக்கமாக இருந்த அதே கை, கம்பியைத் தொட்டதும் குறையுள்ளதாகிவிடுகிறது.

கடத்தின் கதையும் இதுதான். மானாமதுரையில் களிமண்ணைத் தட்டித் தட்டிக் கடத்துக்கு நாதம் ஏற்றியவர் மீனாட்சி கேசவன். அதற்காகச் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றவர். கடம் செய்யும் வலு பெண் கைக்கு இருந்தது. அதை வாசிக்கச் சுகன்யா ராம்கோபால் ஆசைப்பட்டபோதோ, பெண் விரல் தாங்குமா என்ற தயக்கம்தான் முன்னால் வந்து நின்றது. டி.ஆர். ஹரிஹர சர்மா சொல்லிக்கொடுக்க முன்வந்தார், அவரும் கற்றார், மேடையேறினார். தாங்காது என்று சொன்னவர்கள் விரலைச் சோதித்துப் பார்த்துச் சொல்லவில்லை என்பது அப்போது தெரிந்தது.

ஆண் கலைஞருக்குக் கருவி ஒத்துவராதபோது என்ன நடந்தது? டி.என். ராஜரத்தினம் பிள்ளை தமக்கு வேண்டிய நாதத்தைச் சொன்னார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி திமிரியைவிட நீண்ட பாரி நாகசுரத்தைக் கடைந்து கொடுத்தார். அதைக் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டும். மரத்தைக் கலைஞருக்காகக் கடையலாம் என்ற நியாயம் அவரோடு முடிந்துவிட்டதா?

பாஸ் கிட்டாரும் மரம்தான். 1951இல் ஃபெண்டர் நிறுவனம் பிரிசிஷன் பாஸைக் கொண்டுவந்தபோது கம்பியின் நீளத்தை 34 அங்குலமாக வைத்தது. அது ஒரு பட்டறையின் தீர்மானம், இயற்கையின் விதியன்று. பால் மெக்கார்ட்னியின் ஹோஃப்னர் பாஸ் 30 அங்குலம். ஃபெண்டரே 1966இல் 30 அங்குல மஸ்டாங் பாஸை வெளியிட்டது. மெக்கார்ட்னி கையில் இருந்தால் அது அவருடைய தனி நாதம். எங்கள் ஊர்ப் பிள்ளை கேட்டால் மட்டும் அது ‘சின்னப் பிள்ளைகள் சாமானம்’.

வாங்கப்போகும் பெண்ணுக்குச் சொல்கிறேன்: ‘ஒல்லியான நெக்’ என்று மட்டும் கேட்காதே. மூன்று அளவு இருக்கிறது, மூன்றையும் தனித்தனியாகக் கேள். முதலாவது கம்பியின் நீளம். 34 அங்குலக் கருவியில் முதல் ஃபிரெட்டிலிருந்து நான்காவது வரை ஏறக்குறைய 13 சென்டிமீட்டர். 30 அங்குலத்தில் பதினொன்றரைதான். விரல் விரிப்புக்கு இந்த ஒன்றரை சென்டிமீட்டர் பெரிய விடுதலை. இரண்டாவது, கம்பிகள் தலைப்பக்கம் படியும் நட்டின் அகலம். பழைய பிரிசிஷனில் அது ஏறத்தாழ ஒன்றேமுக்கால் அங்குலம். 1960இல் வந்த ஜாஸ் பாஸில் ஒன்றரை. மூன்றாவது, நெக்கின் பின்புறக் கனம். அதைக் கட்டைவிரலால் மட்டுமே அறிய முடியும். ஆகவே கடையில் நின்றபடி வாரைத் தோளில் மாட்டி, மணிக்கட்டு மடங்காமல் பத்து நிமிடம் வாசித்துப் பார். தலைப்பக்கம் கீழே சாய்கிறதா என்றும் கவனி. சாய்ந்தால் இடது கை வாசிப்பதை விட்டுச் சுமக்கத் தொடங்கிவிடும். ‘லேடீஸ் மாடல்’ என்று இளஞ்சிவப்பு நிறத்தை நீட்டினால் மறுத்துவிடு. நாம் கேட்பது அளவை.

“மோகினி டே வாசிக்கவில்லையா?” என்று ஒருவர் கேட்பார். வாசிக்கிறார், உலகமே வியக்க வாசிக்கிறார். ஆனால் அபூர்வமான ஒருத்தியின் சாதனையைச் சாதாரணமான நூறு பெண்களை அடிக்கும் பிரம்பாக்குவது பழைய தந்திரம். பையன்களில் யாரையும் மேதையாக இருந்தால்தான் கருவியைத் தொடலாம் என்று நாம் நிறுத்துவதில்லை. தப்பும் தவறுமாக வாசித்துப் பழக அவர்களுக்கு ஒவ்வொரு ஞாயிறும் கிடைக்கிறது.

தமிழ் படித்தவள் என்பதால் ஒன்று சொல்லலாம். நம்மிடம் சீறியாழும் இருந்தது, பேரியாழும் இருந்தது. சிறுபாணனுக்கு ஓர் ஆற்றுப்படை, பெரும்பாணனுக்கு ஓர் ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் இரண்டுக்கும் இடம் உண்டு. சிறிய யாழ் என்பதற்காக அந்தப் பாணனை யாரும் வாசலில் நிறுத்தவில்லை.

ஆகவே கோரிக்கை எளியது. சபையும் கல்லூரியும் பொதுப் பணத்தில்தான் கருவி வாங்குகின்றன. அந்தப் பணத்தில் பெண்களின் காணிக்கையும் கட்டணமும் இருக்கின்றன. அடுத்த முறை வாங்கும்போது ஒன்றாவது 30 அங்குல பாஸாக இருக்கட்டும். அதைப் பூட்டிய அலமாரியில் வைக்காமல், ஒத்திகை நேரத்தில் பெண் பிள்ளைகள் எட்டி எடுக்கும் இடத்தில் வையுங்கள். கை எட்டுகிறதா இல்லையா என்பதை அதன் பிறகு பேசலாம்.