செத்த ரவுட்டர் ஒண்டு தாங்கோ

பக்கெட் ட்ரேசர் பாவிச்ச எல்லாருக்கும் இது தெரியும். ரவுட்டர் படத்தைக் கிளிக் பண்ணி, ஒரு இன்டர்ஃபேஸ் காட்டை இழுத்துக்கொண்டுபோய் வெறும் துளையில வைக்கப் பார்த்தால் விடாது. முதல்ல பவரை நிற்பாட்டு எண்டு சொல்லும். நிற்பாட்டி, வைச்சு, திரும்பப் போட்டால் சரி. நெட்வேர்க் படிச்சு முடிச்சு வெளியில வரேக்க ரவுட்டரின்ர உடம்பைப் பற்றி எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்: காட் மாத்த வேணுமெண்டால் ஓஃப் பண்ண வேணும்.

சின்ன அலுவலக ரவுட்டருக்கு அது சரி. ஒரு மாவட்டத்தின்ர இன்டர்நெட்டையே காவுகிற ரவுட்டரை அப்பிடி நிற்பாட்டினால் அண்டைக்கே வேலை போயிடும். அந்தப் பெரிய பெட்டிகளில காட்டை ஓட்டத்திலேயே கழட்டுவார்கள். பக்கத்துத் துளையில இருக்கிற காட்டுக்கு அது தெரியவும் வராது.

இது எப்பிடி முடியுது எண்டு விளங்க பெட்டியைத் திறந்து பார்க்க வேணும். உள்ள இருக்கிறது ஒரு சேசிஸ், அதாவது வெறும் இரும்புக்கூடு. பவர் சப்ளை தனிய, காத்தாடித் தட்டு தனிய. வழியைக் கணிக்கிற மூளை ஒரு காட்டில, அதுக்குத் துணையா இன்னொண்டு சும்மா காத்துக்கொண்டிருக்கும். கேபிள் வந்து சேருகிற லைன் காட்டுகள் வேற, அவற்றை ஒண்டோடொண்டு இணைக்கிற ஃபாப்ரிக் காட்டுகள் வேற. பிரதீப் சிந்து தொடக்கின ஜூனிப்பர் நிறுவனம் 1998இல கொண்டுவந்த எம்40 ரவுட்டர், வழி கணிக்கிற வேலையையும் பொதியைத் தள்ளுகிற வேலையையும் தனித்தனி வன்பொருளிட்டக் குடுத்தது. அதில 8 பெரிய காட், ஒவ்வொண்டிலயும் 4 சின்ன இன்டர்ஃபேஸ் காட் செருகலாம்.

ஏன் இந்தப் பிரிப்பு? கணக்குப் போட்டுப் பாருங்கோ. 100 கிகாபிட் போட் ஒண்டில சின்னப் பொதிகள் நெருக்கி வந்தால், ஒண்டுக்குக் கிடைக்கிற நேரம் 7 நனோசெக்கன்கூட இல்லை. அந்த நேரத்துக்குள்ள வெளியில் வெளிச்சமே 2 மீற்றர்தான் போகும். ஒவ்வொரு பொதிக்கும் மூளையிட்டப் போய் வழி கேட்டுக்கொண்டிருக்க ஏலாது. அதனால இண்டைய பெரிய ரவுட்டர்களில மூளை அட்டவணையைப் போட்டு முடிச்சு, லைன் காட்டுகளுக்கு ஆளுக்கொரு பிரதி குடுத்துவிடும். சரியா அமைச்சு வைச்சால், மூளை விழுந்து துணை மூளை எழும்புகிற இடைவெளியிலயும் லைன் காட்டுகள் பழைய பிரதியை வைச்சுப் பொதிகளை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இதையெல்லாம் நான் வாசிச்சது வேலைக்குப் போன பிறகு, அதுவும் ஒரு பிழை விட்ட பிறகு. விரல் அளவு எஸ்.எப்.பி. மொடியூல் ஒண்டைச் சோதிக்கச் சொல்லித் தந்தார்கள். 3 மீற்றர் ஃபைபரைக் கொழுவினேன். அது 1550 நனோமீற்றர் லேசர், 70, 80 கிலோமீற்றருக்கு அடிக்கிற வகை. கிளிநொச்சியில இருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 65 கிலோமீற்றர்தானே. நடுவில பெருக்கி ஒண்டும் இல்லாமலே அவ்வளவு தூரம் எட்டக்கூடிய வெளிச்சத்தை எதிரே இருந்த மொடியூலின்ர கண்ணுக்குள்ள நேரா அடிச்சிட்டன். அது போச்சு. வெளிச்சத்தைக் குறைக்கிற அட்டெனுவேற்றர் எண்ட சின்னச் சாமான் நடுவில இருந்திருக்க வேணும். சிமுலேற்றரில கேபிள் கொழுவினால் பச்சை விளக்கு எரியும், அவ்வளவுதான். ஒண்டும் எரிஞ்சு போகாது.

அறிவியல் நகரில பொறியியல் பீடம் இருக்கு. வவுனியா வளாகம் 2021இல தனிப் பல்கலைக்கழகமாகிட்டுது. வன்னிக்குள்ள இருந்தே நெட்வேர்க் ஆக்கள் வருவார்கள், வர வேணும். அவர்கள் கட்டளைகளை மனப்பாடம் செய்தவர்களா மட்டும் வரக்கூடாது எண்டுதான் இதை எழுதுறன். ‘இனி எல்லாம் கிளவுட்தானே மச்சான், இரும்பை ஏன் பார்க்க வேணும்?’ எண்டு கூட்டாளி ஒருத்தன் கேட்டான். கிளவுட்டும் யாரோ ஒருத்தரின்ர இரும்புதான். ஏ9 வீதியில ஃபைபர் அறுந்தால் அல்லது இடி இறங்கி ஒரு காட் போனால், எந்தக் காட் எண்டு பார்த்து மாத்துகிற ஆள் கொழும்பில இருந்து வரும்வரைக்கும் நாங்கள் காத்திருக்கிறதா?

மொடியூல் எண்டாலே சுதந்திரம் எண்டும் நினைக்க வேண்டாம். எஸ்.எப்.பி.க்குள்ள ஒரு சின்ன நினைவகம் இருக்கு, அதில தயாரிச்ச கொம்பனியின்ர பேர் எழுதியிருக்கும். சில ரவுட்டர்கள் அதை வாசிச்சு, வேற பேரெண்டால் உள்ள விடாது. அளவும் லேசரும் ஒண்டுதான், அடையாள அட்டைதான் பிரச்சினை. ஓமந்தையில வரிசையில நிண்ட ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

தொண்ணூறுகளில பெற்றோல் தடைப்பட்ட காலம், வன்னியில மோட்டச்சைக்கிளை மண்ணெண்ணெயில ஓட்டினார்கள். ஸ்டார்ட் எடுக்க மட்டும் சில துளி பெற்றோல். பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டார்கள். பெருமை பேசச் சொல்லேல்லை, அந்தக் கஷ்டம் ஒருத்தருக்கும் திரும்ப வேண்டாம். ஆனால் அதைச் செய்தவர்கள் முதல்ல எஞ்சினைக் கழட்டிப் பார்த்தவர்கள்.

இப்ப கேக்கிறதுக்கு வாறன். தொலைத்தொடர்பு நிறுவனங்களும் வங்கிகளும் பழைய ரவுட்டர்களைக் கழட்டி ஒதுக்கும்போது ஒண்டு ரண்டை வன்னியில இருக்கிற பீடங்களுக்கும் தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கும் தரலாம். சத்தம் போடும், கரண்ட் குடிக்கும், லைசன்ஸ் முடிஞ்சிருக்கும் எண்டு சொல்லுவீங்கள். உண்மைதான். ஓட வைக்கத் தேவையில்லையே. மருத்துவ பீடத்தில பிள்ளைகள் செத்த உடம்பில இருந்துதானே தொடங்குகினம். உள்ள இருக்கிற அமைப்புகளை மட்டும் அழிச்சுப்போட்டுத் தாங்கோ. ஒரு மேசை, ஒரு ஸ்குரூட்றைவர், நிலையான மின்சாரத்துக்குக் கையில கட்டுகிற பட்டி ஒண்டு. மிச்சத்தைப் பிள்ளைகள் கழட்டிப் பார்ப்பினம்.