படத்தின் கீழே ஒரு வரி

முத்தாபுதுப்பேட்டையில் வாழ்வோருக்கு விமானப்படை நிலையத்தின் மதிற்சுவர் நன்கு பழக்கமானது. அத்தகைய இடங்களில் புகைப்படம் எடுக்கலாகாது என்பது நாட்டின் பாதுகாப்புக்காக அரசு விதித்த தடை, அதை மதிக்கிறோம். ஆனால் எந்த அரசும் விதிக்காத ஒரு தடையை நம் வீட்டு வாசல்களில் நாமே எழுதி மாட்டி வைத்திருக்கிறோமே, அதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

அண்மையில் இவ்வூரில் நமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தில் பேச்சு நடந்தது. அவ்வீட்டுப் பிள்ளை புகைப்படக் கலைஞர். பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர் என்று ரயில் செல்லும் வழியெல்லாம் நம் மக்களின் அன்றாட வாழ்வைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வந்தவர். அப்படங்களைக் காட்சிக்கு வைக்கும்படி வெளிநாட்டுக் கூடமொன்று அவரை அழைத்திருந்தது. மகிழ வேண்டிய வீட்டில் மௌனம் நிலவியது. “வளைகுடாவுக்குப் போனால் மாதச் சம்பளம் வரும், சுவரில் படம் மாட்டப் போகிறவனுக்கு என்ன வரும்?” என்றார் பெரியவர் ஒருவர். “நம் முகங்களை அந்நியர் வேடிக்கை பார்ப்பதா?” என்றார் மற்றொருவர்.

முதற்கேள்வி பணத்தைப் பற்றியது. இரண்டாவது கேள்வி மானத்தைப் பற்றியது. அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அதற்கு முன் ஒன்று. படம் கூடுமா, கூடாதா என்பது ஆலிம்களுக்குரிய பொருள். அதில் அவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை யாவரும் அறிவர். நாம் ஃபத்வா கூற வரவில்லை. ஆனால் ஹஜ்ஜுக்குப் புறப்படுகையில் முகப்படம் எடுக்கிறோம். நிக்காஹ் வீட்டில் கேமராக்காரர் வரத் தாமதமானால் மாப்பிள்ளையையே காத்திருக்கச் செய்கிறோம். அப்போதெல்லாம் எழாத ஐயம், நம் பிள்ளை அதையே கலையாகக் கொள்ளும்போது மட்டும் எழுவானேன்?

இனி மானத்துக்கு வருவோம். 1984-ல் பெஷாவருக்கு அருகிலிருந்த நாசிர் பாக் அகதி முகாமில் ஓர் ஆப்கானியச் சிறுமியை அமெரிக்கப் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கர்ரி படமெடுத்தார். 1985 ஜூனில் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழின் அட்டையில் அம்முகம் வெளியாயிற்று. பச்சை நிறக் கண்களை உலகமே அறிந்தது. பெயரை மட்டும் எவரும் அறியவில்லை. 2002-ல் தேடிக் கண்டுபிடித்த பிறகே அவர் ஷர்பத் குலா என்று தெரிந்தது. பதினேழு ஆண்டுகளாக உலகம் பார்த்த தம் படத்தை அவர் அதுவரை பார்த்ததேயில்லை! 2016-ல் போலி அடையாள அட்டை வைத்திருந்ததாகப் பாகிஸ்தானில் கைதாகி, நாடு கடத்தப்பட்டார். உலகுக்கே அடையாளமாயிருந்த முகத்துக்குத் தனக்கென்று ஓர் அடையாள அட்டை இல்லை.

ஆகவே நம் முகங்களை அந்நியர் பார்ப்பதா என்று கேட்ட பெரியவருக்கு நாம் பணிவுடன் கூறுவது இதுதான்: ஐயா, அவர்கள் எப்போதோ பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். நாம் படமெடுக்கவில்லை என்பதால் நம்மை எவரும் படமெடுக்காமல் விட்டுவிடவில்லை. பார்க்கப்படும் முகத்துக்குப் பெயர் உண்டா, அப்பெயரை எழுதுவது யார் என்பதே இன்றைய வழக்கு.

படம் ஒன்று, அதன் கீழே எழுதப்படும் வரி மற்றொன்று. இவ்விரண்டில் அதிகாரத்தில் இருப்போர் எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதற்கு ஜெனீவாவில் நடந்த ஒரு நிகழ்ச்சி சான்று. பாலஸ்தீனப் பிரச்சினை பற்றி ஐக்கிய நாடுகள் சபை 1983-ல் அங்கே மாநாடு கூட்டியது. பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் செய்த் அளித்த யோசனையின்படி, சுவிஸ் புகைப்படக் கலைஞர் ஜான் மோர் எடுத்த பாலஸ்தீன மக்களின் படங்களை மண்டப முகப்பில் வைக்க ஏற்பாடாயிற்று. படங்களை மாட்டலாம், ஆனால் அவற்றுடன் எந்த வாசகமும் இருத்தல் ஆகாது என்று உத்தரவு வந்தது. பெருவாதத்துக்குப் பின் இடத்தின் பெயரை மட்டும் எழுத இசைந்தார்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் கிடையாது! அந்த மௌனத்துக்கு விடையாக 1986-ல் செய்தும் மோரும் சேர்ந்து ஒரு நூலையே வெளியிட்டார்கள். முகத்தைக் காட்ட அனுமதிப்பவன் பேச அனுமதிக்க மறுக்கிறான் என்றால், ஆற்றல் எதில் இருக்கிறதென்று சொல்லவும் வேண்டுமா?

அந்த ஆற்றலைத் தம் கையில் எடுத்துக்கொண்டவர் வங்கதேசத்து ஷஹிதுல் ஆலம். லண்டனில் வேதியியல் ஆய்வுப் பட்டம் பெற்றவர். வட அயர்லாந்தில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது, அவர் கையிலிருந்த சில்லறைக் காசைக் கண்ட ஐந்து வயதுக் குழந்தை, வங்கதேசத்தவரிடம் காசு இருக்குமா என்று திகைத்ததாம். அக்குழந்தையின் மேல் என்ன பிழை? வெள்ளத்தையும் பஞ்சத்தையும் மட்டுமே கொண்டுபோய்க் காட்டிய படங்கள் அதற்கு அப்படிக் கற்பித்திருந்தன. ஆலம் 1989-ல் டாக்காவில் ‘த்ரிக்’ என்ற படநிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் புகைப்படப் பள்ளி ஒன்றையும், 2000-ல் ‘சோபி மேளா’ என்ற பன்னாட்டு விழாவையும் ஏற்படுத்தினார்.

2010-ல் சட்டத்துக்குப் புறம்பான கொலைகளைப் பற்றி அவர் டாக்காவில் வைத்த கண்காட்சியைக் காவல்துறை தடுத்தது. கூடத்துக்குப் பூட்டு விழவே, தெருவில் நின்றபடி வங்க எழுத்தாளர் மகாஸ்வேதா தேவி அதைத் திறந்து வைத்தார். 2012-ல் அதே படங்கள் நியூயார்க்கின் குயின்ஸ் அருங்காட்சியகத்தில் இடம் பெற்றன. 2018-ல் மாணவர் போராட்டத்தைப் பற்றிப் பேசியதற்காகச் சிறை சென்று நூறு நாட்களுக்கு மேல் உள்ளே இருந்தார். மறு ஆண்டே நியூயார்க்கின் ரூபின் அருங்காட்சியகம் அவருடைய படங்களுக்குத் தன் சுவர்களைத் திறந்தது.

இவற்றுக்கு இடையில் நம் மனத்தைத் தொடும் நிகழ்ச்சி வேறொன்று. 2017-ல் டாக்காவின் பைத்துர் ரவூஃப் பள்ளிவாசலில் அவர் தம் படங்களைக் காட்சிக்கு வைத்தார். அங்கே ஒரு பள்ளிவாசல் இடந்தந்தது. இங்கே ஒரு வீட்டின் கூடம் முகஞ்சுளிக்கிறது!

வெளிநாட்டுக் கண்காட்சி என்பது உல்லாசப் பயணம் என்று எண்ணுவோர், அதற்குப் பின்னாலிருக்கும் உழைப்பை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து இருபதோ முப்பதோ தேர்ந்தெடுக்க வேண்டும். நெடுங்காலம் மங்காத பருத்தித் தாளில் அச்சிட்டு, நிறம் பார்த்து, சட்டமிட்டு, மரப்பெட்டியில் அடைக்க வேண்டும். கண்காட்சி முடிந்து திரும்பி வரும் பொருள்தான் என்பதற்குச் சுங்கத்துக்கு ஆவணம் காட்ட வேண்டும். காப்பீடு வேண்டும், விசா வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு படத்தின் கீழும் இவர் யார், எவ்வூர், என்ன தொழில் என்று பொய்யின்றி எழுத வேண்டும். கப்பலேறிப் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் சரக்கு கொண்டு சென்ற நம் முன்னோருக்கு இவ்வேலை அந்நியமானதா? சரக்கின் தரத்தையும் தம் சொல்லையும் நம்பிக் கடல் கடந்தவர்களல்லவா அவர்கள்?

கேமரா ஏந்திய நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல் உண்டு. வறுமையை அழகாக்கி விற்பதும் மானக்கேடே. அதை அந்நியன் செய்தாலும் தவறு, நீங்கள் செய்தாலும் தவறு. மதுரையில் மீன் விற்ற தாயின் மகனான எம். பழனிக்குமார், கடன்பட்டு வாங்கிய கேமராவுடன் தூய்மைப் பணியாளர்களின் துயரத்தைப் பதிவு செய்தவர். கழிவுக் குழிகளில் தந்தையரை இழந்த பிள்ளைகளைப் படமெடுத்துக் காட்சிக்கு வைத்தபோது அதற்கு அவர் இட்ட தலைப்பு, ‘நானும் ஒரு குழந்தை’. அத்தலைப்பில் பேசுவது படமெடுத்தவரல்லர், படத்தில் இருக்கும் குழந்தை. இந்த அடக்கம் உங்களுக்கும் வேண்டும். படமெடுக்கும் முன் இசைவு கேளுங்கள். மறுத்தால் விலகிச் செல்லுங்கள். அயல்நாட்டார் பார்க்கும் முன் அப்படங்களை அவற்றில் இருப்போரிடம் கொண்டுவந்து காட்டுங்கள்.

குடும்பத்தாருக்கும் மஹல்லாப் பெரியோருக்கும் நம் வேண்டுகோள் இதுவே. பள்ளியை ஒட்டிய திருமண மண்டபம் எத்தனையோ நாட்கள் வெறிச்சோடிக் கிடக்கிறது. அப்பிள்ளையின் படங்கள் கடல் கடக்கும் முன் அங்கே ஒரு வாரம் தொங்கட்டும். ஊரார் வந்து பார்த்து, இது வேண்டாம் என்றால் எடுத்துவிடட்டும். பெயர் தவறென்றால் திருத்தித் தரட்டும். அவ்வாறு ஊரே சரிபார்த்த வரிகளுடன் அப்பெட்டி புறப்படுமாயின், நம் முகங்களை எவர் பார்த்தாலும் நமக்கு அச்சமில்லை.

நாம் சென்ற அவ்வீட்டில் நன்னிமா ஒருவர் அதுவரை ஒன்றும் பேசாமல் இருந்தார். பேச்சு ஓய்ந்த பின் எழுந்து சென்று, அலமாரியிலிருந்து பழுப்பேறிய படமொன்றைக் கொண்டுவந்தார். பர்மாவில் எடுத்தது, கோட்டணிந்த நால்வர் நிற்கிறார்கள். ஒருவர் தம் பாட்டனார் என்றார். மற்ற மூவர் யார்? அவருக்குத் தெரியவில்லை. படத்தைத் திருப்பிப் பார்த்தோம். பின்புறம் ஒரு வரியும் இல்லை.