பொதி கட்டும் வித்தை

நமது பெரம்பலூர்ச் சீமையிலே பருத்தியைப் பொதியாக அழுத்திக் கட்டாமல் வண்டியேற்றினால் என்னவாகும்? வண்டி நிறைந்துவிடும்; சரக்கோ கொஞ்சந்தான் போய்ச் சேரும். ஆலத்தியூர்ப் பிள்ளைகளுக்காக நாம் இணையத்தில் ஏற்றிவைத்த வினாத்தாள்களின் கதியும் அதுவேயாயிற்று.

"பக்கம் திறக்குமுன்னே டேட்டா தீர்ந்துபோகிறது, ஸார்" என்றாள் ஒரு மாணவி. வீட்டிற்கு ஒரே கைப்பேசி, மறுவாரம் பரீட்சை. ஸர்வரில் 'ஜிஸிப் ஆன்' என்று எழுதியிருந்ததை நம்பி, "உன் கைப்பேசி பழசம்மா" என்று சொல்லியனுப்பிவிட்டோம்.

தமிழுக்குச் சுருக்கம் மிக அவசியம். யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. தமிழ்க் குறிக்கு மூன்று. 'மாமரம்' என்றெழுதப் 18 பைட்டுகள் வேண்டும். ஆயினும் அம்மூன்றில் முதலாவது எப்போதும் ஒன்றே. இரண்டாவது இரண்டே வகை. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதே 1992-இல் கெய்லியும் ஆட்லரும் வெளியிட்ட ஜிஸிப்பின் தொழிலாதலால், தமிழ் அதில் நன்றாய் அமுங்கும்.

மனம் கேளாமல், அன்றிரவு பிரௌஸரின் நெட்வொர்க் பகுதியைத் திறந்தோம். ஜிஸிப்பில் கட்டிய சரக்குக்கு 'கன்டென்ட்-என்கோடிங்' என்ற சீட்டு இருக்க வேண்டும். முகப்புக்கு இருந்தது; வினாக்கள் அடங்கிய ஜேஸன் கோப்புக்கு இல்லை! வேறு வகைகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடாவிட்டால், என்ஜின்எக்ஸ் ஹெச்டிஎம்எல் ஒன்றையே சுருக்கும். பட்டியலிட வேண்டியவர் நாமே.

பட்டியலில் ஜேஸனைச் சேர்த்தோம். அதோடு நில்லாமல், ஆசை மிகுதியால் நமது நிரலிலும் சுருக்கினோம். சீட்டு ஒட்ட மறந்தோம். ஸர்வர் அதை வெறும் சரக்கென்றெண்ணி மறுபடி கட்டிற்று. பிரௌஸர் ஒரு கட்டை அவிழ்த்தது. உள்ளே கண்டது எழுத்தன்று, கிறுக்கல்! நிரலிற் செய்ததை நீக்கியபின்னரே யாவும் சீராயின. ஜேபெக் படங்களைச் சேர்க்கவில்லை. அவை முன்னமே அமுக்கிய பொதிகள்.

மறுநாள் அப்பெண்ணை அழைத்து, "பழுது உன் கைப்பேசியில் அல்ல, எங்களிடந்தான்" என்றோம். "அப்பாவிடம் சொல்லட்டுமா, ஸார்? நான்தான் டேட்டாவை வீணாக்கினேன் என்று கோபித்துக்கொண்டார்" என்றாள் குழந்தை. சுருக்கத்தைச் சோதிக்க ஒரு நிமிஷம் போதும். அந்நிமிஷத்தை முதல் நாளே செலவிட்டிருக்கலாகாதா நாம்?