படகு வீட்டின் பழைய மின்கம்பிகள்

எல்.டி.சி. ரோல்ட் எழுதிய 'நேரோ போட்' (1944) நூலை வாசித்தோர்க்கு இங்கிலாந்தின் கால்வாய்ப் படகொன்றில் குடியேறும் ஆசை எழாமலிராது. நாமும் அதற்கு விலக்கல்லோம். ஆயினும் பழைய படகை வாங்குவோர், பலகைச் சுவருக்குப் பின்னால் ஓடும் மின்கம்பிகளையே முதலில் பார்க்கவேண்டும் என்போம்.

'12 வோல்ட்தானே, என்ன செய்துவிடும்?' என்பது தவறான துணிச்சல். அது ஆளைத் தாக்காது, படகை எரிக்கும். 120 வாட் கருவிக்கு 230 வோல்ட் வீட்டில் அரை ஆம்பியர் போதும். 12 வோல்ட் படகிலோ 10 ஆம்பியர் பாயவேண்டும். மெல்லிய கம்பி அதற்குத் தாங்காது, சூடேறும். ஃபியூஸ் இருக்கிறதே என்றால், முன்பிருந்தவர் அடிக்கடி போகிறதென்று பெரிய ஃபியூஸை மாட்டிவைத்திருப்பார். கம்பிக்கிருந்த ஒரே காவலும் போயிற்று.

எங்கே செல்கிறதென்று தெரியாத கம்பிக்கு ஒட்டுப்போடலாகாது. கரையிணைப்பையும் பேட்டரியையும் துண்டித்துவிட்டு, தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு முழுவதும் மாற்றிவிடுவதே நன்று. செலவு கூடும்தான், வண்ணம் பூசுவதை அடுத்த கோடைக்குத் தள்ளிவைக்கலாம்.