காத்திருந்தவர் தலையில் கட்டிய கடன்

பிரிட்டனில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, தேர்வுக்குத் தேதி கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு அந்த நாட்டு அரசு அநீதி இழைத்திருக்கிறது. பழியைப் பெருந்தொற்றின் மேல் போட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது. தொற்று தேர்வை நிறுத்தியது, உண்மைதான். அதன் நட்டத்தை யார் தலையில் கட்டுவது என்ற முடிவை எடுத்தவர்கள் அமைச்சர்களும் அதிகாரிகளும். கட்டுவதற்கு அவர்கள் கண்ணுக்குத் தென்பட்டவர்கள், பெரும்பாலும் இளைஞர்களும் புதிதாக வேலை தேடுபவர்களும் புதிதாக நாட்டுக்குள் வந்தவர்களும்.

2020 பிப்ரவரியில் ஓட்டுநர் தேர்வுக்குப் பதிவு செய்தவர் சராசரியாக ஐந்து வாரம் காத்திருந்தார். 2025 செப்டம்பரில் அது 22 வாரம். இதைச் சொல்வது எதிர்க்கட்சி அல்ல, அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம். 2025 டிசம்பரில் வெளியான அதன் அறிக்கைப்படி, பத்தில் ஏழு தேர்வு மையங்களில் காத்திருப்பு 24 வாரத்தைத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் முன்பதிவுக்கே இடமில்லை என்பதால்தான் கணக்கு அங்கே நிற்கிறது. பொதுமுடக்கத்துக்குப் பின் தேர்வு மையங்கள் திறந்து நான்கு ஆண்டுக்கு மேல் ஆனபிறகு எடுத்த கணக்கு இது.

நியாயமாக ஒன்றை முதலில் ஒப்புக்கொள்வோம். 2020 மார்ச் 20 அன்று தேர்வுகளை நிறுத்தியது சரியான முடிவு. கற்பவரும் தேர்வாளரும் ஒரு சின்ன காருக்குள் தோளோடு தோள் உட்கார்ந்து ஏறத்தாழ நாற்பது நிமிடம் ஒரே காற்றைச் சுவாசிக்க வேண்டிய தேர்வு அது. ஒருநாளைக்குப் பலரோடு அப்படி உட்காரும் தேர்வாளரின் உயிரும் உயிர்தான். முன்களப் பணியாளர்களுக்கு மட்டும் அவசரத் தேர்வுகள் நடத்தியதும் சரி. ஜூலை 22 அன்று இங்கிலாந்தில் கார் தேர்வுகள் மறுபடி தொடங்கின. வேல்ஸும் ஸ்காட்லாந்தும் இன்னும் தாமதமாகத் திறந்தன. நவம்பரில் மீண்டும் முடக்கம். ஜனவரியில் இன்னொரு முடக்கம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 ஏப்ரல் 22 வரை கதவு திறக்கவில்லை. 2020-21இல் வழக்கமாக நடந்திருக்க வேண்டிய தேர்வுகளில் சுமார் 11 லட்சம் நடக்காமல் போயின. இதுவரை நடந்ததில் யாரையும் குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை.

குற்றம் இதற்குப் பிறகு தொடங்குகிறது.

அதே மாதங்களில் அந்த அரசு யார் யாருக்குச் சலுகை காட்டியது என்று பாருங்கள். ஆண்டுதோறும் காருக்குச் செய்ய வேண்டிய எம்.ஓ.டி. தகுதிச் சோதனைக்கு ஆறு மாத விலக்கு கிடைத்தது. பிரேக் தேய்ந்திருக்கக்கூடிய வண்டிகளும் அந்த ஆறு மாதம் சாலையில் ஓடின. ஏற்கெனவே உரிமம் வைத்திருந்தவர்களின் புகைப்பட அட்டை 2020இல் காலாவதியானால் அதற்கு 11 மாத நீட்டிப்பு. இரண்டும் தேவையான, மனிதாபிமானமான ஏற்பாடுகள். ஆனால் தியரி தேர்வில் தேறி, செய்முறைத் தேர்வுக்குக் காத்திருந்தவரின் சான்றிதழுக்கு ஒருநாள்கூட நீட்டிப்பு இல்லை. இரண்டு ஆண்டுக்குள் செய்முறைத் தேர்வில் தேறாவிட்டால் அந்தச் சான்றிதழ் செல்லாது. தேர்வை நிறுத்தியது அரசு. அந்த நாள்களிலும் இரண்டு ஆண்டுக் கெடு விடாமல் ஓடியது. சான்றிதழ் காலாவதியானவர் மறுபடி 23 பவுண்டு கட்டி, மறுபடி படித்து, தியரி மையத்தில் இடம் தேடி, அதன்பிறகு செய்முறை வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும்.

சாலைப் பாதுகாப்புக்காகவே நீட்டிக்கவில்லை என்றது அரசு. விதிகளும் ஆபத்தை உணரும் திறனும் மனதில் பசுமையாக இருக்க வேண்டுமாம். தியரி தேர்வே அந்நாட்டில் 1996இல்தான் வந்தது. அதற்கு முன் உரிமம் வாங்கியவர்கள் இன்றுவரை அதை எழுதியதில்லை, எழுதச் சொல்வோரும் இல்லை. ஒருமுறை வாங்கிய உரிமம் எழுபது வயதுவரை செல்லும். நாற்பது ஆண்டாக எந்த விதிப் புத்தகத்தையும் திறக்காதவரை நம்புகிற அரசு, இரண்டு ஆண்டும் மூன்று மாதமும் முன்னால் தேறிய பத்தொன்பது வயதுப் பெண்ணை நம்ப மறுத்தது. இந்த வாதத்தில் பாதுகாப்பு எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியவில்லை. வாக்கு வங்கி எங்கே இல்லை என்பது மட்டும் தெரிகிறது. அதே பிரிட்டிஷ் முடியாட்சியின் கீழுள்ள வட அயர்லாந்து, ஒரு கடல் தாண்டி, தனக்கான சட்டத் திருத்தம் செய்து தியரி சான்றிதழ்களை நீட்டித்தது. ஆக, முடியாத காரியம் அல்ல. லண்டனில் இருந்தவர்களுக்கு மனம் வரவில்லை.

வரலாறும் அவர்களுக்குச் சாக்குக் கொடுக்கவில்லை. கட்டாய ஓட்டுநர் தேர்வு 1935இல் வந்ததற்குப் பின் அது நாடு முழுதும் நிறுத்தப்பட்டது 2020இல் முதல்முறை அல்ல. இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது, 1939 செப்டம்பரில் நிறுத்தினார்கள். 1946 நவம்பரில்தான் மறுபடி தொடங்கியது. போர்க்காலத் தற்காலிக உரிமங்களைத் தேர்வே இல்லாமல் முழு உரிமமாக மாற்றிக்கொள்ள 1947இல் ஓராண்டு அவகாசமும் கொடுத்தார்கள். சூயஸ் நெருக்கடியில் பெட்ரோலுக்குப் பங்கீடு அறிவிக்கப்பட்ட 1956 நவம்பரில் இன்னொரு முறை நிறுத்தினார்கள். தேர்வாளர்களைப் பங்கீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டு, கற்பவர்கள் துணையில்லாமலே ஓட்டலாம் என்று அனுமதித்தார்கள். அந்த வழிகளையே இப்போதும் பின்பற்றியிருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இன்றைய சாலை நெரிசலில் அது உயிரோடு விளையாடுவது. பக்கத்து அயர்லாந்தும் 1979இல், குவிந்துபோன விண்ணப்பங்களைச் சமாளிக்க முடியாமல், பல்லாயிரம் பேருக்குத் தேர்வே வைக்காமல் உரிமச் சான்று கொடுத்தது. அதையும் நாம் பரிந்துரைக்க மாட்டோம். தேர்வு கடினமாகவே இருக்கட்டும். ஆனால் அந்தப் பழைய அரசுகளுக்கு ஒரு புரிதல் இருந்தது: நாம் மூடிய கதவுக்கு நாமே பொறுப்பு, வெளியே நின்றவருக்கு ஏதாவது செய்தாக வேண்டும். 2020இன் அரசு தன் முன்னோரிடமிருந்து அந்தப் பொறுப்பைப் பெற்றுக்கொள்ளவில்லை.

வரிசை நீண்டதும் தரகர்கள் வந்தார்கள். வாரநாளில் செய்முறைத் தேர்வுக்கு அரசுக் கட்டணம் 62 பவுண்டு. மாலையிலும் வாரக்கடைசியிலும் 75. தானியங்கி மென்பொருள்கள் புதிய தேதிகள் திறந்த நொடியே அவற்றை அள்ளிக்கொள்கின்றன. பிறகு வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் அவை விற்பனைக்கு வருகின்றன. 500 பவுண்டு வரை கொடுத்தவர்கள் உண்டு என்கிறது தணிக்கை அறிக்கை. கற்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இடைத்தரகர் வழியாகத்தான் தேதி வாங்கியிருக்கிறார்கள். கூலி வேலை செய்யும் தாய்தந்தையின் பிள்ளைக்கு ஐந்து மாதம் கழித்துத் தேதி. பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த வாரமே. பொதுச் சேவையின் வரிசைக்கு ஒரே ஒரு நெறிதான் உண்டு, முதலில் வந்தவர் முதலில் என்பது. அந்த நெறியைச் சந்தையில் விலைபோக விட்டதற்கு, தேர்வுகளை நடத்தும் முகமையான டி.வி.எஸ்.ஏ.வும் அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் போக்குவரத்துத் துறையும் பதில் சொல்லியே ஆகவேண்டும். முன்பதிவுத் தளம் தேவையைத் தாங்காது என்பது 2020 ஆகஸ்டிலேயே தெரிந்துவிட்டது. பதிவு திறந்த வேகத்தில் தளம் முடங்கி, தற்காலிகமாக மூடவேண்டி வந்தது. கற்பவர் மட்டுமே தன் தேர்வைப் பதிவு செய்யலாம், இடைத்தரகருக்கு இடமில்லை என்ற சாதாரண விதியை அறிவிக்க 2025 நவம்பர் வரை ஆனது. இந்த ஐந்து ஆண்டில் தரகர்களின் பைக்குள் போன ஒவ்வொரு பவுண்டும் அரசின் மெத்தனத்தில் விளைந்தது.

பணம் கொடுத்துத் தேதி வாங்கியவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நமக்கு விருப்பமில்லை. வேலை போய்விடும் என்ற பயத்தில் வாங்கியவரும், தேவைக்கு மேல் தேதிகளைப் பதுக்கி விற்றவரும் ஒன்றல்ல. ஆனால் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் என்ற பெயரில் கிடைத்த பதிவு வசதியைத் தரகனுக்கு வாடகைக்கு விட்டவர் எவராக இருந்தாலும், அவர் நம் ஊர்க்காரராகவே இருந்தாலும், செய்தது திருட்டு. தன் மாணவனின் இடத்தை வேறொருவனுக்கு விற்றவரை ஆசிரியர் என்று அழைக்கக் கூடாது.

தேர்வாளர் பற்றாக்குறைதான் மூலக்காரணம் என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். சரி, அதற்கு என்ன செய்தார்கள்? 2021க்குப் பிறகு பத்தொன்பது முறை ஆள் எடுக்கும் முயற்சி. நிகரமாகக் கூடியவர்கள் 83 பேர். இலக்கு 400. சேருகிறவர்கள் நிலைக்காததற்கு ஊதியம் ஒரு காரணம் என்று தணிக்கையாளர்களே சொல்கிறார்கள். தோற்றவரின் கோபத்தை நேருக்கு நேர் தாங்குகிற வேலை அது, ஒவ்வொரு நாளும் உயிர் ஆபத்துள்ள வேலையும்கூட. அதற்குத் தகுந்த ஊதியம் கொடுக்காமல் பத்தொன்பது முறை விளம்பரம் போட்டால் இருபதாவது முறையும் இதே கதைதான். ராணுவத்திலிருந்து 36 தேர்வாளர்களை வாரத்துக்கு ஒருநாள் கடன் வாங்கப்போவதாக அறிவித்தார் அமைச்சர் ஹெய்டி அலெக்சாண்டர். வரவேற்கலாம், ஆனால் இந்தப் பள்ளத்தை அது நிரப்பாது. காத்திருப்பை ஏழு வாரமாகக் குறைப்போம் என்ற வாக்குறுதியின் கெடு முதலில் 2025 இறுதி. பிறகு 2026 கோடை. 2027 நவம்பருக்கு முன் அது நடக்காது என்பது இப்போதைய மதிப்பீடு. கற்பவரின் இரண்டு ஆண்டுக் கெடுவை ஒருநாள்கூட நீட்டாத அரசு, தன்னுடைய கெடுவை மட்டும் இரண்டு ஆண்டு நீட்டிக்கொண்டது.

தமிழர்கள் இந்த விவகாரத்தைத் தூரத்துச் செய்தியாகப் படிக்க முடியாது. முதியோரை வீடுவீடாகப் போய்க் கவனிக்கும் பராமரிப்பு வேலைக்கு 2022இல் விசா கதவு திறந்தபோது பிரிட்டனுக்குப் போனவர்களில் தமிழகத்தவரும் இலங்கைத் தமிழரும் உண்டு. ஒரு நாளில் நாலைந்து கிராமம் சுற்றவேண்டிய அந்த வேலைக்கு வண்டி ஓட்டத் தெரிந்திருப்பது பெரும்பாலும் நிபந்தனை. இந்திய உரிமமோ இலங்கை உரிமமோ அங்கே குடியேறிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதம்தான் செல்லும். அதை அப்படியே பிரிட்டிஷ் உரிமமாக மாற்றிக்கொள்ள வழியில்லை. ஆஸ்திரேலியக்காரருக்கும் ஜப்பானியருக்கும் அந்த வழி உண்டு. நம்மவர் ஓராண்டுக்குள் தியரியும் எழுதி, செய்முறையும் தேறியாக வேண்டும். செய்முறைத் தேர்வில் ஏறத்தாழ பாதிப் பேர் தோற்கிறார்கள். ஒருமுறை தோற்று இரண்டாம் முறை போனால், தலா 22 வாரம் என இரண்டு காத்திருப்பு, மொத்தம் 44 வாரம். தியரிக்கும் வீடு தேடுவதற்கும் மிஞ்சுவது எட்டு வாரம். அதற்குள் முடியவில்லை என்றால் வண்டிச் சாவியைக் கீழே வைக்கவேண்டியதுதான். வண்டி இல்லாவிட்டால் வேலை ஆட்டம் காண்கிறது. வேலையோடு கட்டிப்போட்ட விசாவும் ஆட்டம் காண்கிறது. ஊரில் வாங்கிய கடன் மட்டும் அசையாமல் நிற்கிறது. பன்னிரண்டு மாதம் என்று அந்த விதியை எழுதியவர்கள் தேர்வுக்கு ஐந்து வாரத்தில் தேதி கிடைக்கும் ஒரு நாட்டை மனதில் வைத்து எழுதினார்கள். அந்த நாடு இப்போது இல்லை. விதி மட்டும் இருக்கிறது.

கிராமப்புற வெள்ளைக்கார இளைஞனின் நிலையும் இதிலிருந்து வெகுதூரம் இல்லை. பேருந்து குறைந்துபோன ஊரில் உரிமம் இல்லாதவனுக்குத் தொழிற்பயிற்சியும் இல்லை, இரவுநேர வேலையும் இல்லை. 2020-21இல் நடக்காமல் போன தேர்வுகளில் சுமார் 3.6 லட்சம் இன்னும் பதிவுக்கே வரவில்லை என்று தணிக்கை அலுவலகம் மதிப்பிடுகிறது. அந்தத் தேர்வுகளுக்கு வந்திருக்க வேண்டியவர்களில் எத்தனை பேர் ஓட்டக் கற்கும் எண்ணத்தையே கைவிட்டார்கள், எந்த வேலையை விட்டுக்கொடுத்தார்கள் என்று எந்த அமைச்சரும் நாடாளுமன்றத்தில் எழுந்து கேட்டதாக நாம் அறியவில்லை.

செய்யவேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. தேர்வுகள் மூடியிருந்த காலத்தில் காலாவதியான தியரி சான்றிதழ்களுக்கு வாங்கிய இரண்டாவது கட்டணத்தை, தாமதமாகவேனும், திருப்பிக் கொடுக்க வேண்டும். தொகை சிறிது. தவறை ஒப்புக்கொள்வது பெரிது. காத்திருப்பு ஏழு வாரத்துக்கு வரும்வரை தியரி சான்றிதழின் ஆயுளை மூன்று ஆண்டாக்க வேண்டும். தேர்வாளர் ஊதியத்தை உயர்த்த நிதித்துறை கை திறக்க வேண்டும். தேதிகளைப் பதுக்கி விற்றவர்களின் கணக்குகளை முடக்குவதோடு நிற்காமல் நீதிமன்றத்துக்கு இழுக்க வேண்டும். வெளிநாட்டு உரிமத்தோடு வந்து, முறைப்படி தேர்வுக்குப் பதிவு செய்து, தேதி கிடைத்துக் காத்திருப்பவர்கள் அந்தத் தேதிவரை சட்டப்படி வண்டி ஓட்ட அனுமதிக்கும் திருத்தத்தை இந்தக் கூட்டத்தொடரிலேயே கொண்டுவர வேண்டும்.