டன் கணக்கில் மீண்டது மத்தி, தட்டு நிறைந்ததா? விழிஞ்ஞம் கடற்கரை எழுப்பும் உணவுப் பாதுகாப்புக் கேள்வி

திருவனந்தபுரம்: கேரளக் கடலில் 2012-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி மீன் பிடிபட்டது. 2021-இல் அது 3,297 டன்னாகச் சுருங்கியது. கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் காணாத வீழ்ச்சி அது. பின்னர் மீண்டு, 2024-இல் 1.49 லட்சம் டன்னை எட்டியதாக மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. ஏட்டில் பார்த்தால் இது மீட்சிதான். ஆனால், விழிஞ்ஞம் முதலான தென் திருவனந்தபுரம் கடற்கரைகளின் நிலை, டன் கணக்கு ஏறுவதும் எளியவர்களின் உணவுப் பாதுகாப்பு உறுதிப்படுவதும் ஒன்றல்ல என்பதையே உணர்த்துகிறது.

விழிஞ்ஞத்தில் இன்று இரண்டு துறைமுகங்கள் அருகருகே உள்ளன. ஒன்று, பிரதமர் நரேந்திர மோடி 2025 மே 2-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணித்த ஆழ்கடல் சரக்குப் பெட்டகத் துறைமுகம். மற்றொன்று, அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இயங்கிவரும் மீன்பிடித் துறைமுகம். தென்மேற்குப் பருவமழையில் பிற கடற்கரைகளில் படகு இறக்க இயலாதபோது, அலை அடங்கிய இந்த விரிகுடாவை நாடி அண்டை மீனவக் கிராமங்களின் படகுகள் வந்து சேர்வது வழக்கம். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி 52 நாள்களுக்கு இழுவைப் படகுகளுக்குத் தடை உண்டு; பாரம்பரியப் படகுகளுக்கு அந்தத் தடை பொருந்தாது. ஆகவே, ஊரெங்கும் மீன் அரிதாகும் நாள்களில்தான் இங்கு கணவாயும் வாளையும் கரையேறும்.

மத்தி பெருமளவில் பிடிபடும் இடங்கள் மத்திய, வட கேரளத்தில் உள்ளன; விழிஞ்ஞம் அவற்றுள் ஒன்றன்று. இங்கு தூண்டிலுக்கும் சிறு வலைக்கும் பலவகை மீன்கள் கிடைக்கின்றன. ஆயினும், குமரி மாவட்டத்தைப் போலவே இங்கும் 'சாளை' என்று அழைக்கப்படும் இந்தச் சிறுமீன்தான் உழைக்கும் மக்களின் அன்றாடக் குழம்பு. தேவையான அரிசியில் பெரும்பகுதியை வெளிமாநிலங்களிலிருந்து பெறும் கேரளத்தில், 19-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் பரப்பிய மரவள்ளிக் கிழங்கும், கடல் தந்த மத்தியும் சேர்ந்தே ஏழைகளின் பசியைத் தாங்கி வந்துள்ளன. கிழங்கில் இல்லாத புரதத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் ஒமேகா-3 கொழுப்பையும் இந்த மீனே ஈடு செய்தது.

மழை தீர்மானிக்கும் விளைச்சல்

மத்தி இரண்டரை ஆண்டு அளவே வாழும் மீன். அதன் விளைச்சலைத் தீர்மானிப்பது பருவமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று வீசும்போது, கரையோர மேல்நீர் விலகிச் செல்ல, ஆழத்திலுள்ள குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலெழும்புகிறது. அதில் நுண்பாசிகளும் நுண்ணுயிரிகளும் பல்கிப் பெருகுகின்றன. அதே வாரங்களில்தான் மத்தி முட்டையிடுகிறது. மழை முன்பின்னாக வந்தாலும், கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறினாலும் குஞ்சு பொரியும் நேரமும் இரை பெருகும் நேரமும் பொருந்தாமல் போகின்றன. மானாவாரி நிலத்தில் விதைத்துவிட்டு வானம் பார்க்கும் உழவரின் நிலைக்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை. மீனவருக்கு விதைப்பும் கையில் இல்லை என்பது மட்டுமே வேறுபாடு.

2015-ஆம் ஆண்டின் எல் நினோ தாக்கமே மத்தி வீழ்ச்சியின் முக்கியக் காரணங்களுள் ஒன்று என ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் சுட்டிக்காட்டியுள்ளனர். எதிர்காலம் குறித்த கணிப்புகளும் ஆறுதல் தருவனவாக இல்லை. இந்தியப் பெருங்கடலில் ஆண்டுக்குச் சராசரியாக 20 நாள்களாக இருந்த கடல் வெப்ப அலை, இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் 220 முதல் 250 நாள்கள் வரை நீடிக்கக்கூடும் என்று புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் தலைமையிலான ஆய்வு 2024-இல் எச்சரித்தது.

2024-இல் பருவமழை கைகொடுத்தது. இரை பெருகியது, குஞ்சுகள் பெருமளவில் பிழைத்தன. ஆனால், நெருக்கியடித்துப் பெருகிய கூட்டத்தில் இரைக்குப் போட்டி மூண்டு, மீன்கள் வளர்ச்சி குன்றின. ஆண்டின் நடுவில் கிலோ 350 முதல் 400 ரூபாய் வரை விற்ற மத்தி, ஆண்டு இறுதியில் 20 முதல் 30 ரூபாய்க்கு வீழ்ந்தது. விரல் நீளக் குஞ்சுகளை வாங்கிச் சமைக்க இல்லங்களில் ஆர்வமில்லை. இத்தகைய மீன்கள் மீன் மாவு, மீன் எண்ணெய் ஆலைகளைச் சென்றடைந்து, கோழிக்கும் பண்ணை இறாலுக்கும் தீவனமாகின்றன. விலை உயர்ந்தபோது ஏழைக்கு மத்தி எட்டவில்லை. விலை சரிந்தபோது மீனவருக்கு எரிபொருள் செலவும் தேறவில்லை. 1.49 லட்சம் டன் என்ற ஒற்றை எண்ணுக்குள் இவ்விரண்டும் மறைந்து கிடக்கின்றன.

சட்டம் இல்லாமல் இல்லை. பிடிக்கத்தக்க மீனின் குறைந்தபட்ச அளவை நிர்ணயித்து நடைமுறைப்படுத்திய முதல் மாநிலம் கேரளம். மத்திக்கு அந்த அளவு 10 சென்டிமீட்டர். ஆனால், மத்தி முதன்முறை முட்டையிடும் பருவத்தை அடைவது சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்தில். அதாவது, ஒருமுறைகூட இனம் பெருக்காத மீனையும் சட்டப்படியே பிடிக்கலாம். இன்னும் கடுமையான கட்டுப்பாட்டை 1940-களில் சென்னை மாகாண அரசு மலபார் கடற்கரையில் விதித்துப் பார்த்து, செயல்படுத்த இயலாமல் சில ஆண்டுகளில் கைவிட்டது. இன்றும் அதுவே சிக்கல். கடன்பட்டுக் கடலுக்குச் சென்றவர் வலையில் விழுந்ததைத் திருப்பி விடுவார் என எதிர்பார்ப்பதற்கு, அந்த நாளின் வருவாய்க்கு யாரேனும் பொறுப்பேற்க வேண்டும்.

தென் அமெரிக்க நாடான பெரு, உலகின் மிகப் பெரிய ஒற்றையின மீன்பிடிப்பான நெத்திலி வகை மீனின் முதல் பருவத்தையே 2023-இல் ரத்து செய்தது. எல் நினோ வெப்பத்தில் கடலெங்கும் குஞ்சுகளே தென்பட்டதே அதற்குக் காரணம். ஏற்றுமதி வருவாய் பெருமளவு சரியும் எனத் தெரிந்தே எடுக்கப்பட்ட முடிவு அது. அங்கு மீன்பிடிப்பு, எண்ணிச் சொல்லக்கூடிய நிறுவனங்களின் கப்பல்களுக்கு ஒதுக்கீட்டு முறையில் பகிரப்பட்டுள்ளதால், ஒரே ஆணையில் நிறுத்த முடிந்தது. ஆயிரக்கணக்கான சிறு படகுகள் கொண்ட கேரளக் கரைக்கு அந்த வழி அப்படியே பொருந்தாது.

பாறைகள் தீர்வாகுமா?

அரசுகள் முன்வைக்கும் விடைகளில் ஒன்று விழிஞ்ஞத்திலேயே தொடங்கப்பட்டது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் 42 மீனவக் கிராமங்களுக்கு அப்பால், கடலடியில் 6,300 கான்கிரீட் கட்டமைப்புகளை இறக்கிச் செயற்கை மீன் உறைவிடங்களை அமைக்கும் திட்டத்தை, 2023-இல் அப்போதைய மத்திய மீன்வளத் துறை அமைச்சர் பர்ஷோத்தம் ரூபாலா இங்கு தொடங்கிவைத்தார். முக்கோணம், மலர், குழாய் வடிவிலான இவற்றில் பாசியும் சிப்பியும் படிந்து, களவா, பாரை போன்ற மீன்கள் தங்கும். இழுவை வலைகளுக்கும் தடையாக இருக்கும். இது புதிய கருத்தும் அல்ல. கல்லையும் தென்னந்தடியையும் கடலில் இறக்கித் தாமாகவே 'பார்' உருவாக்கிய அனுபவம் இக்கடற்கரை மீனவர்களுக்கு முன்பே உண்டு.

தூண்டில் மீனவர்களுக்கு இதனால் பயன் உண்டு. அதை மறுக்க இயலாது. ஆனால், மத்தி பாறையடியில் வாழும் மீனன்று. மேல்நீரில் கூட்டமாக அலையும் அதற்குக் கான்கிரீட் உதவாது. உறைவிடங்களில் சேரும் களவாவும் பாரையும் உணவகங்களுக்கும் ஏற்றுமதிக்கும் செல்லும் உயர்விலை மீன்கள். மீனவர் வருவாயைக் காக்கும் திட்டமும் ஏழையின் குழம்பைக் காக்கும் திட்டமும் வெவ்வேறானவை. பேச்சளவில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

டன் கணக்கில் இடம்பெறாத இன்னொன்று, கடலுக்குச் செல்ல முடியாத நாள்கள். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயல், எச்சரிக்கை கிடைக்கும் முன்பே கடலில் இருந்த விழிஞ்ஞம், பூந்துறை, குமரி மாவட்ட மீனவர்கள் பலரைப் பலிகொண்டது. அதன்பின் எச்சரிக்கைகள் பெருகின. உயிர்கள் காக்கப்படுகின்றன, ஆனால், ஒவ்வொரு எச்சரிக்கையும் ஒரு நாள் கூலியைக் கொண்டுபோகிறது. துறைமுகக் கட்டுமானத்தை எதிர்த்து 2022-இல் நூறு நாள்களுக்கும் மேலாக நீடித்த போராட்டத்தின் ஏழு கோரிக்கைகளுள், எச்சரிக்கை நாள்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் வேண்டும் என்பதும் ஒன்று. கடலரிப்பும் வீடிழந்தோர் மறுவாழ்வும் தலைப்புச் செய்தியாயின; இக்கோரிக்கை அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. காலநிலை மாற்றம் ஒரு குடும்பத்தின் அடுப்பை நேரடியாகத் தொடும் இடம் இதுதான்.

2025 மே மாதம், விழிஞ்ஞத்திலிருந்து கொச்சி நோக்கிப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா-3 கப்பல், 640 சரக்குப் பெட்டகங்களுடன் மே 25-ஆம் தேதி கடலில் மூழ்கியது. அவற்றுள் 13 பெட்டகங்களில் அபாயகரமான பொருள்கள் இருந்தன. பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம் கடற்கரைகள்வரை ஒதுங்கின. கப்பல் மூழ்கிய பகுதியைச் சுற்றி 20 கடல் மைல் தொலைவுக்கு மீன்பிடிப்பு தடை செய்யப்பட்டது. பிடித்த மீனையும் வாங்க மக்கள் தயங்கினர். பாதிக்கப்பட்ட 4 மாவட்டங்களின் மீனவக் குடும்பங்களுக்கு மாநில அரசு அறிவித்த உடனடி நிவாரணம் 1,000 ரூபாயும் 6 கிலோ அரிசியும்.

அதே ஆண்டு ஜூலையில் கேரள அரசு உயர் நீதிமன்றத்தில் 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தது. அதே நிறுவனத்தைச் சார்ந்த எம்.எஸ்.சி. அகிடேட்டா-2 என்ற கப்பலைத் தடுத்து வைக்க நீதிமன்றம் ஆணையிட்டபோது, அது நின்றிருந்த இடம் விழிஞ்ஞம் துறைமுகமே. கோரப்பட்ட தொகையில் 8,626 கோடி சுற்றுச்சூழல் பாதிப்புக்கு. 378 கோடி சீரமைப்புக்கு. மீனவர்களின் பொருளாதார இழப்புக்கு 526 கோடி. மீன் வாங்க அஞ்சிய, அல்லது வாங்க முடியாமல் போன குடும்பங்கள் இந்தப் பட்டியலில் எந்த வரியிலும் இல்லை.